சுணக்கத்துக்கான காரணம்

கல்முனை டிப்போவில் நான் டைம் கீப்பர்.
முப்பத்தாறு வயது வரைக்கும்
நேரம் என் கையில் நின்றதில்லை.
திருக்கோவில் பஸ்ஸை இரண்டு தரம் அனுப்பியிருக்கிறேன்,
பதிவேட்டில் மட்டும்.
அம்பாறை பஸ்ஸை அனுப்ப மறந்து
சனத்தோடு சனமாய் நானும் அதைப் பார்த்து நின்றிருக்கிறேன்.
மகளைக் கூட்டிவரப் போன வழியில்
சாய்ந்தமருதில் மீன் விலை கேட்டு நின்றவன்.

சோம்பல் என்றார்கள். கவனமில்லை என்றார்கள்.
கிளினிக்கில் அந்த டொக்டர்
மூன்று தரம் வரவழைத்துக் கேள்வி கேட்டா,
பிறசர் பார்த்தா, ஈசிஜி எடுத்தா,
வாப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் இருந்ததா என்றா,
மறுகாதான் துண்டு எழுதினா.

சின்ன வெள்ளைக் குளிசை.
கௌபி தின்ற பிறகு ஒன்று,
லுஹர் பாங்குக்கு முதல் ஒன்று,
அதற்குப் பிறகு இல்லை.
தவறினால் தவறினதுதான்,
இரண்டாய்ச் சேர்த்து விழுங்கக் கூடாது.

முதல் நாள்
ஹோன் சத்தங்கள் ஒவ்வொன்றாய் வரிசையில் வந்தன.
பக்கத்தின் அடிக்கோடு வரைக்கும் எழுதினேன்.
பேனையை மூடினேன்.
இதில் என்ன இருக்கிறது என்பீர்கள்.
எனக்கு அழுகை வந்தது.

வாய் காய்ந்தது.
பகல் சோற்றுப் பார்சல் பிரிக்காமலே காகத்துக்குப் போனது.
இரண்டு மாதத்தில் நாலு கிலோ குறைந்து
பெல்ட்டில் புது ஓட்டை.
ஒரு கிழமை நாடி மணிக்கூட்டை முந்தி ஓடியது.
பயந்து போய்ச் சொன்னேன், அளவைக் குறைத்தா.
தேத்தண்ணியையும் குறை என்றா,
அதுதான் பெரிய கஷ்டம்.
அஸருக்குப் பிறகு குளிசை இறங்கும்.
அந்த இறக்கத்தில் மனைவி
என்னோடு கணக்குப் பேச மாட்டா.

போன ஐப்பசியில் ஒரு மழை ராத்திரி.
இரவுக் கடமையும் என் தலையில்.
கொழும்பு பஸ்ஸுக்குப் பேரின்பராசா,
தொடர்ந்து மூன்றாம் இரவு.
"சியாத், உன்ட அந்த வெள்ளைக் குளிசை ஒண்டு தாகா.
நித்திரை முறிக்கத்தான்."

மாதத்துப் பக்கெட்டை அன்றுதான் எடுத்திருந்தேன்.
பையில் இருந்தது. அவனுக்கும் தெரியும்.
என்னை வேலையால் நிற்பாட்ட இருந்த நேரம்
எனக்காகப் போய்ப் பேசினவன்.

அவன் சேட்டுப் பைக்குள்ளும் குளிசைத் தகடு,
பிறசருக்கு. பாதி போடாமலே.

"இது என்ட நெஞ்சப் பாத்து எழுதினது.
உன்ட நெஞ்ச ஒருத்தரும் பாக்கல்ல.
நித்திரை போகாது மச்சான், ஒளிச்சிருக்கும்.
டிக்கெட் எடுக்காம பின் சீட்டில குந்தியிருந்து
பதினெட்டு வளைவில எழும்பி
பெல் அடிக்கும்."

"பெரிய டொக்டர் வந்திட்டார்" என்று
வெற்றிலையைத் துப்பினான்.

என் குளிசை பின்னேரமே முடிந்திருந்தது.
தலைக்குள் திரும்பவும் பஸ் ஸ்டான்ட்:
கச்சான் விற்பவன், அழுகிற பிள்ளை,
குழிக்குள் மழை, யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு.
அத்தனைக்கும் நடுவில் ஒன்றை மட்டும் கண்டேன்.
பேசிக்கொண்டிருக்கும்போதே
அவன் கண் மூடி, மூடியபடி நின்று,
திறந்தது.

சாவியைக் கேட்டேன்.

மருதமுனையில் ஆதம்லெப்பையை எழுப்பி,
அவர் குளித்து, குடை தேடி வந்து சேர
ஒன்றரை மணித்தியாலம்.
ஐம்பத்துநாலு பேரும் என் உம்மாவை இழுத்து ஏசினார்கள்.
பேரின்பராசா என்னோடு ஒரு சொல் பேசவில்லை.
வாங்கில் சாய்ந்தான்,
சாய்ந்த கையோடு குறட்டை.

பதிவேட்டில் கடைசிக் கட்டம்:
சுணக்கத்துக்கான காரணம்.
டயர் என்று எழுதுவோம், மழை என்று எழுதுவோம்.
நான் எழுதினேன்:
சாரதிக்கு நித்திரை.

விடிய மனேஜர் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டார்.
"இதெல்லாம் ஒரு காரணமா?"

கோப்பையில் கௌபி பாதி இருந்தது.
"ஒள்ளுப்பம் பொறுங்க சேர்" என்றேன்.
தின்று முடித்துத்தான் குளிசை.